ஆயிரம் அடி, ஒரு ஜாண்

என் அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் துக்கம் கேட்க வந்த அந்த மனிதர், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியை மிச்சம் வைக்காமல் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"குழி கடைசியா எத்தன அடி வந்துதுங்க டீச்சர்?"

துக்க வீட்டில் கேட்கக்கூடாத கேள்விகளுக்கு ஒரு பட்டியல் போட்டால் அதில்கூட இது இருக்காது. யாராவது கேட்பார்கள் என்றே தோன்றாதே! எனக்கு வந்த ஆத்திரத்தில், "டேப் கொண்டுபோக மறந்துட்டேங்க" என்றேன். அவர் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. "பரவால்லீங்க, குழிவெட்றவங்ககிட்ட நானே கேட்டுக்கறனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் மூன்றடிக்குக் கீழே பாறை. குழி வெட்டியவர்கள் அதோடு நிறுத்திவிட, இவர் வீட்டிலிருந்து உளியும் சம்மட்டியும் எடுத்துப்போய் உள்ளே இறங்கி உடைத்திருக்கிறார். பூசைக்கு மணி அடித்ததும் மீதியை அவர்களிடம் விட்டுவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு கோவிலுக்கு வந்துவிட்டார். மீதி வேலை ஒழுங்காக முடிந்ததா என்பதுதான் அவருடைய கவலை. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? சொல்ல மாட்டார். கேட்க மட்டும்தான் தெரியும் அவருக்கு.

எங்கள் கத்தோலிக்கப் பங்கு சங்ககிரிக்குப் பக்கத்தில், ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சின்னக் கோவில், கிழக்குப் பார்த்த வாசல். நான் சேலத்துக்காரி. பள்ளிக்கூட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். ஓய்வு பெற்றதும் பங்குப் பேரவைச் செயலாளர் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். குழியின் அடிக்கணக்குக் கேட்ட அந்த மனிதரை எல்லோரும் ரிக்காரர் என்பார்கள். போர் போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாகப் போய் நாற்பது வருஷம் பூமியைத் துளைத்துவிட்டுத் திரும்பியவர். உலகத்தில் எதைச் சொன்னாலும் அடிக்கணக்கில் சொன்னால்தான் அவருக்குப் புரியும். பங்குச் சாமியார் அன்பின் ஆழத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தால், பின் வரிசையில் இவர் உதடு அசைவது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசித்துப் பேசுவோம். அன்பியக் கூட்டம் என்று பெயர். நடத்துவது நான். கெடுப்பது அவர். சமாரியப் பெண் இயேசுவிடம் கிணறு ஆழமானது என்று சொல்லும் இடத்தை வாசித்தால், "ஆழம்னா எத்தன அடிங்க?" என்பார். விவிலியத்தில் அது போடவில்லை என்று சொன்னால், "மத்ததெல்லாம் எழுதுனவங்க அத எழுதாம உட்டுட்டாங்களே" என்று வருத்தப்படுவார். யோசேப்பை அண்ணன்மார் தண்ணீரில்லாத கிணற்றில் தள்ளியதை வாசித்தபோது, "தண்ணி வராத கெணத்த மூடாம உட்டது யாருங்க? தப்புங்களே அது" என்று ஆரம்பித்தார். அன்றைக்குப் பேச்சு முழுக்க மூடாத ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றியே போய், மன்னிப்பைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த மூன்று பக்கமும் பையிலேயே கிடந்தது.

அப்படிப்பட்டவருக்கு இறைவாக்கினர் எசேக்கியேலை வாசித்துக் காட்டியது என் தப்புத்தான்.

அந்தக் காட்சி இதுதான். கோவிலின் வாசற்படிக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிகிறது. பீடத்துக்குத் தெற்காக இறங்கிக் கிழக்கே ஓடுகிறது. கையில் அளவு நூல் பிடித்த ஒருவர் ஆயிரம் முழம் அளக்கிறார். தண்ணீர் கணுக்கால் மட்டும் இருக்கிறது. இன்னும் ஆயிரம் முழம், முழங்கால். இன்னும் ஆயிரம், இடுப்பு. நான்காவது ஆயிரத்தில் நீந்தினால்தான் உண்டு. அந்த ஆறு போய்ச் சேர்ந்த உப்புக் கடலே நல்ல தண்ணீராகிறது, கரையில் மரங்கள் மாதாமாதம் காய்க்கின்றன. சேறும் குட்டையும் மட்டும் உப்பாகவே நின்றுவிடுகின்றன.

ரிக்காரர் முதல் முறையாகக் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும், "இன்னொருக்காப் படிங்க டீச்சர்" என்றார். படித்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நூல் புடிச்சு அளந்துருக்காருங்க! ஆயிரத்துக்கு ஒருக்கா நின்னு ஆழம் பாத்துருக்காரு. இத்தன வருசத்துல இவரு ஒருத்தருதானுங்க வேலையச் சுத்தமாச் செஞ்சவரு."

"சந்தோஷங்க" என்று புத்தகத்தை மூடப் போனேன்.

"ஒன்னு மட்டும் இடிக்குதுங்க. வழியில ஒரு ஓடை வந்து சேரல. மழை பேஞ்சதாவும் இல்ல. பூமியில ஓடுற தண்ணி போவப் போவக் கொறையோணும். இது கூடுது. எப்புடிங்க?"

"அது அடையாளங்க. கடவுளோட அருளுக்கு அடையாளம்."

"செரிங்க. ஆனா எப்புடிக் கூடுது?"

அடுத்த சனிக்கிழமையும் கேட்டார். அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்டார். தவக்காலம் வந்தது, போனது, உயிர்ப்பு ஞாயிறன்று சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரும்போது, முகத்தில் விழுந்த துளியைத் துடைக்காமல் என் பக்கம் திரும்பி, "எப்புடிக் கூடுதுங்க?" என்றார். கோவிலுக்குள் யாரையும் அடிக்கக்கூடாது என்பதால் சும்மா இருந்தேன்.

பிறகு ஒரு நாள் நூறடி டேப்பை எடுத்துக்கொண்டு கோவில் படியிலிருந்து கிழக்கே அளக்கப் புறப்பட்டார். ஒரு முழத்துக்கு ஒன்றரை அடி. ஆயிரம் முழத்துக்கு ஆயிரத்து ஐநூறு அடி. அது கிழக்குக் காலனியில், அவர் வீட்டுத் தெற்கு மதிலுக்கு எதிரே, பள்ளத்தில் நிற்கும் கரண்ட் கம்பத்தில் போய் முடிந்தது. கம்பத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு லைன்மேனிடம் திட்டு வாங்கினார். இரண்டாவது ஆயிரம் ஒரு கோழிப்பண்ணைக்குள் போய்விட்டது. காவலாளி விரட்டியதால் அதோடு விட்டார்.

அந்தக் காலனியில் முப்பது வீடுகள். கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிறவர்கள், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் வெல்டிங் வைக்கிறவர்கள். ரிக்காரர் வீட்டைத் தவிர எல்லோரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் வரும். மற்ற நாட்களில் பெண்கள் குடத்தோடு ஹைவே வரைக்கும் நடப்பார்கள். எங்கள் கோவிலைக் கடந்துதான் போவார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அந்தக் கோடையில் கோவில் போரும் வறண்டது. வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்ததில் ஒரே ஒரு போர் போடத்தான் வழி இருந்தது. எங்கே துளைப்பது என்று பாயிண்ட் வைக்கும் பொறுப்பைச் சாமியார் ரிக்காரரிடமே விட்டார். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. வேப்பங்குச்சி பிடித்துக்கொண்டு நடக்கிறவர்களையும், உள்ளங்கையில் தேங்காயை நிறுத்திப் பார்க்கிறவர்களையும் கண்டு வாய்விட்டுச் சிரிக்கிறவர் அவர். பாறையின் சரிவைப் பார்ப்பார், பக்கத்துத் தோட்டத்து போர்களை விசாரிப்பார். போட்டால் மேற்கு மதிலோரம்தான் போடவேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

பாயிண்ட் வைக்கும் காலையில் நான் சாவி எடுக்கக் கோவிலுக்குப் போனேன். ரிக்காரர் பீடத்தின் தெற்கு ஓரத்தில் டேப்பின் நுனியைச் செருகிவிட்டு வாசற்படி வரைக்கும் குனிந்து அளந்துகொண்டு வந்தார். படிக்கு வெளியே, தெற்குப் பக்கமாக, ஒரு கல்லை வைத்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது.

"மேக்கால மதிலோரம் ஈரம் இருக்குன்னீங்களே?" என்றேன்.

"இருக்குதுங்க" என்றார். "ஆனா இது எழுதியே வெச்சிருக்குதுங்களே."

அப்போதே சாமியாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். தேங்காய் உருட்டுகிறவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு எசேக்கியேலை உருட்டுகிறீர்களே என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. அவரோடு வாதாடிச் சலித்துப்போனது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருவேளை வந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று எனக்கும் தோன்றியது.

மறுநாள் ரிக் வண்டி வந்தது. நூறடி போனது, புகை. முந்நூறு, புகை. தண்ணீரில்லாத பாறையைத் துளைத்தால் வெள்ளைத் தூள்தான் புகையாகக் கிளம்பும். அறுநூறு அடியில் தென்னை ஓலை எல்லாம் வெளுத்துவிட்டது. கல் குகையாகக் கட்டிய கெபியில் நிற்கும் மாதாவுக்கும் முகமெல்லாம் மாவு. கிழக்குக் காலனிப் பெண்களும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றுச்சுவருக்கு அப்பால் நின்று பார்த்தார்கள். தொள்ளாயிரத்தில் சாமியார் உள்ளே போய்விட்டார். ஆயிரம் அடியில் ராடை உருவினார்கள். "எத்தன அடிங்க?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள். தலைமுதல் கால்வரை வெள்ளையாக நின்ற ரிக்காரர், அந்தக் குழிக்குக் கல் வைத்து மூடி, சிமெண்ட் பூசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

நான்கு ஞாயிறு பூசைக்கு வரவில்லை. சனிக்கிழமைக் கூட்டம் குறுக்கீடே இல்லாமல் ஒழுங்காக நடந்தது. சீக்கிரம் முடிந்தது. எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை. ஐந்தாவது வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மோர் கொடுத்துவிட்டு, "நீங்களாச்சும் கேளுங்க டீச்சர், சோறும் எறங்கல, பேச்சும் இல்ல" என்று சொல்லி உள்ளே போனார்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எசேக்கியேலு பொய் சொல்லிட்டாருங்களா டீச்சர்? இல்ல, நாந்தான் தப்புப் பண்ணிட்டனுங்களா?"

இத்தனை வருஷம் பைபிள் வகுப்பு எடுத்தவளிடம் கேள்வி முதல் முறையாக நேராக வந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எசேக்கியேல் தன் ஊரிலேயே இல்லை, அந்நிய தேசத்தில் சிறைப்பட்டவர்களோடு இருந்தார். எருசலேம் கோவிலும் அப்போது இல்லை. எரித்துத் தரைமட்டமாக்கிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"கோவிலே இல்லீங்களா?"

"இல்லை."

"அப்ப எந்தப் படிக்கடியில இருந்துங்க தண்ணி வந்துது?"

"அதைத்தாங்க ஆதிகாலக் கிறிஸ்தவர்களும் யோசிச்சாங்க. இயேசு தன் உடம்பையே கோவில்னு சொன்னார். சிலுவையில அவர் செத்த பிறகு விலாவுல ஈட்டியால குத்தினப்ப ரத்தமும் தண்ணியும் வந்துது. எசேக்கியேல் பார்த்த கோவில் அதுதான், அந்தத் தண்ணி இதுதான்னு புரிஞ்சுக்கிட்டாங்க. அது இடம் இல்லைங்க. ஆள்."

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "எந்தப் பக்கத்து வெலாவுங்க?"

"எழுதலை. படத்துல வலது பக்கம்தான் வரையறாங்க."

"கெழக்குப் பாத்து நின்னா வலது கை தெக்குங்க." விரலால் காற்றில் ஏதோ கோடு போட்டார். "செரியாத்தான் வருது. ஈட்டி எத்தன அடி எறங்குச்சுங்க?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிக்கூட இந்த மனிதருக்கு இதுதான் கேள்வியா? "ஒரு ஜாண் இறங்கியிருக்கும்! போதுமா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கண் கலங்கியிருந்தது.

"ஒரு ஜாண்லயே வந்துருச்சுங்களா" என்றார். "நானு ஆயிரம் அடி போட்டுப் பாத்தனுங்களே."

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "ஞானஸ்நானம் வாங்கின ஒவ்வொருத்தரும் கோவில்தாங்க, நீங்களும் நானும்தான். மனசை விடாம ஞாயித்துக்கிழமை பூசைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் எல்லோரும் சொல்கிற பேச்சு அது. அந்த மனிதரிடம் எதையும் பேச்சுக்குச் சொல்லக்கூடாது என்று எனக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வார வியாழக்கிழமை அவர் மனைவி பூசை முடிந்ததும் என்னை வழிமறித்தார். "ஏனுங் டீச்சர், அவுருகிட்ட என்னத்தச் சொல்லிட்டு வந்தீங்க? ஊட்டு மதில ஒடச்சுப் போட்டாருங்க! கேட்டா டீச்சரு சொன்னாங்கங்கறாரு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் வீடும் கிழக்குப் பார்த்த வீடு. தெற்கு மதிலில், அதாவது வீட்டின் வலது விலாவில், சரியாக ஒரு ஜாண் அகலத்துக்கு உடைத்து, தன் வீட்டு போரிலிருந்து குழாய் இழுத்துத் தெருவைப் பார்க்க வைத்திருந்தார். மஞ்சள் கோடு போட்ட கம்பத்துக்கு நேர் எதிரே. காலனிப் பெண்கள் நம்பாமல் தள்ளி நின்றார்கள்.

"இது கோவிலுங்க டீச்சர்" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நீங்கதான சொன்னீங்க."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? அன்றிலிருந்து அந்தக் குழாயால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சமல்ல. பூட்டுப் போட மாட்டார், நேரம் குறிக்க மாட்டார். தெருவெல்லாம் சேறு என்று பேரவைக்குப் புகார் வந்தது. கோவிலுக்கு நாங்கள் டேங்கரில் தண்ணீர் வாங்கிக்கொண்டிருக்க, இவர் ஊருக்குத் திறந்துவிட்டிருந்தார். ஒரு கிளைக் குழாயாவது கோவிலுக்குக் கொடுங்கள் என்று கேட்டால், "கோவில்ல இருந்து தண்ணி வெளியதானுங்க வரோணும். உள்ள போறதா எங்கயும் எழுதல" என்று மறுத்துவிட்டார். உங்கள் போரும் வறண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "குட்டையாத் தேங்குனாத்தானுங்க உப்பாவும்" என்றார். வேதத்தை வைத்தே என்னை மடக்குகிற அளவுக்கு முன்னேறிவிட்டார். சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் திரும்ப வந்தார், அதே கேள்வியோடு. "எல்லாம் புரிஞ்சுதுங்க. எப்புடிக் கூடுதுன்னு மட்டும் சொல்லுங்க."

கடைசிவரை நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது.

போன சித்திரையில் ஒரு காலை, குழாயைத் திறந்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் அடக்கப் பூசை முடிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிழக்குக் காலனி வழியாகக் கல்லறைக்குப் போனோம். தூக்கியவர்களில் பாதிப் பேர் காலனி ஆட்கள். மரியாதைக்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தார்கள். தார் ரோடு கொதித்தது. தெருமுனையில் முதல் வீட்டுப் பெண் ஒரு குடம் தண்ணீரோடு வந்து, தூக்கி வந்தவர்களின் காலில் ஊற்றினாள். மாரியம்மன் பண்டிகையில் தீர்த்தக்குடம் எடுத்து வருகிறவர்களுக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள். "கால் சுடுமுங்க, சாமி" என்றாள், பெட்டியைப் பார்த்து. அடுத்த வீட்டிலிருந்து ஒரு குடம். எதிர் வீட்டிலிருந்து இரண்டு. முப்பது வீட்டிலும் கதவு திறந்திருந்தது. எல்லாம் அவர் குழாயில் அவரவர் பிடித்து வைத்திருந்த தண்ணீர். ரோட்டில் விழுந்தது எங்களுக்கு முன்னால் பள்ளத்தைப் பார்த்து ஓடியது. ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் கூடிக்கொண்டே போனது.

மஞ்சள் கோடு போட்ட கம்பத்தருகே பெட்டி ஒரு நிமிஷம் நின்றது. நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இத்தனை சனிக்கிழமையும் கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்துவிட்டு, பதில் வருகிற அன்றைக்கு இப்படிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

பங்குக்குப் புதிதாக வந்திருந்த சாமியார், கடலோர ஊர்க்காரர், அங்கியை ஒதுக்கிப் பிடித்தபடி என்னிடம் குனிந்து கேட்டார். "என்ன டீச்சர் இது, இந்த ஊர்ச் சடங்கா? ரோடெல்லாம் தண்ணியா இருக்கே!"

குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"கணுக்கால் மட்டும் வந்திருக்குங்க ஃபாதர்" என்றேன். "அளவு சரியாத்தான் இருக்கு. இன்னும் மூவாயிரம் முழம் பாக்கி."